‘ஏன் கொடுத்தீர்கள்’ என்று ஒருநாளும் கேட்காத அம்மையாருக்கு

வங்கியின் கடன் அட்டைப் பாதுகாப்புப் பிரிவின் தலைமைப் பொறுப்பிலிருந்து இன்று மாலை பணி நிறைவு பெறும் எங்கள் அன்புக்குரிய அம்மையார் அவர்களுக்கு, பிரிவின் பணியாளர்கள் அனைவரும் கூடி, நெஞ்சம் நெகிழ்ந்தும் கொஞ்சம் நடுங்கியும் வாசித்தளிக்கும் மடல்.

பதறி வந்த குரல்களுக்குப் பற்றுக்கோடாக நின்ற பெருந்தகையீர்! கலங்கிய நெஞ்சங்களுக்குக் கரையாக அமைந்த கருணையீர்! அழைப்பவர் அழுது முடிக்கும்வரை அலுக்காமல் காத்திருந்த அம்மையீர்! வணக்கம்.

தங்கள் சேவையின் ஆண்டுகளை அலுவலகக் கோப்பு சொல்லும். அதை மேலாளர் அவர்கள் சற்றுமுன் வாசித்தும் விட்டார். கோப்பில் இல்லாததை மட்டும் சொல்ல எங்களுக்கு அனுமதி வேண்டுகிறோம்.

இந்தப் பிரிவு தொடங்கிய நாளில் இதற்கென்று அறை கிடையாது. உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையில் பாதியைத் தடுத்து, இரண்டு மேசையும் இரண்டு தொலைபேசியும் கொடுத்தார்கள். வீட்டில் உட்கார்ந்தபடி செருப்பு வாங்குகிறவனுக்குக் காவல் எதற்கு என்று மற்றப் பிரிவுகளில் சிரித்தார்கள். தாங்கள் அந்த நாற்காலிக் குவியலில் கால் ஆடாத ஒன்றைத் தேடி எடுத்து, துடைத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். பிறகு ஊரே கடைத்தெருவை விட்டுக் கைப்பேசிக்குள் புகுந்தது. பின்னாலேயே திருடனும் புகுந்தான். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக, சொந்தக்காரர் ஒருவருக்காகக் கேட்பதாகச் சொல்லிக்கொண்டு, நம் கதவைத் தட்டினார்கள். அந்தச் சொந்தக்காரர் யார் என்று தாங்கள் யாரிடமும் விசாரித்ததில்லை.

பொறுமையின் இருப்பிடமே!

நம் அறைக்கு வரும் குரல்கள் வணக்கம் சொல்லி வருவதில்லை. பிள்ளையின் கல்லூரிக்கென்று வைத்திருந்ததைப் பறிகொடுத்த தாய், மகளுக்குப் பிறந்தநாள் சட்டை வாங்கப் போய் மாதச் சம்பளத்தையே தொலைத்த பேருந்து ஓட்டுநர், பேரனிடம் சொல்லிவிடக் கூடாது என்று முதலில் சத்தியம் வாங்கிக்கொண்டு அப்புறம் பேசத் தொடங்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் என எத்தனையோ பேர். அவர்களிடம் தாங்கள் சொன்னவை எல்லாம் எளிய சொற்கள். விளம்பரத்தைத் தொட்டுக் கடைக்குப் போகாதீர்கள், கடையின் முகவரியை நீங்களே தட்டிப் போங்கள் என்றீர்கள். போன பிறகும் அந்த முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள், பள்ளிக்கூடத்தில் படித்ததுபோல் வாய்விட்டுப் படித்தாலும் குற்றமில்லை என்றீர்கள். இணையத்தில் வாங்குவதற்கென்று சிறு வரம்புள்ள அட்டை ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். வாங்கி முடித்ததும், வெளியே கிளம்புமுன் அடுப்பை அணைப்பதுபோல், செயலியில் இணையப் பரிவர்த்தனையை அணைத்துவிடச் சொன்னீர்கள். அடுத்த முறைக்கு வசதி என்று கடைக்காரன் கெஞ்சினாலும் அட்டை எண்ணை அவனிடம் விட்டுவைக்காதீர்கள் என்றீர்கள். தெரியாத பெயரில் அற்பத் தொகை ஒன்று போயிருந்தால், திருடன் கதவைத் தள்ளிப் பார்க்கிறான் என்று அர்த்தம், உடனே எங்களைக் கூப்பிடுங்கள் என்றீர்கள். வங்கியின் பெயரைச் சொல்லி யார் அழைத்தாலும், அது தாங்களாகவே இருந்தாலும், வைத்துவிட்டு அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் எண்ணுக்கு அழைக்கச் சொன்னீர்கள். என்னை நம்பாதீர்கள் என்று வாடிக்கையாளரிடம் மனதாரச் சொன்ன அதிகாரியை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனாலும் இவற்றை எந்த வங்கியின் சுவரொட்டியும் சொல்லிவிடும். தங்களிடம் மட்டும் இருந்தது வேறொன்று.

நம் பிரிவில் சேரும் ஒவ்வொருவரிடமிருந்தும் முதல் நாளே தாங்கள் ஒரு சொல்லைப் பிடுங்கி வைத்துக்கொள்வீர்கள். ‘ஏன்’ என்பதுதான் அந்தச் சொல். எப்போது என்று கேட்கலாம். எவ்வளவு என்று கேட்கலாம். அட்டை இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். ஏன் கொடுத்தீர்கள், ஏன் நம்பினீர்கள், ஏன் முன்பே சொல்லவில்லை என்று மட்டும் கேட்கக் கூடாது. புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி இதற்குக் காரணம் கேட்டபோது தாங்கள் சொன்ன பதில் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

“ஏன்னு கேட்டா அவங்க பாதியை மறைச்சிடுவாங்கம்மா. அந்த மறைச்ச பாதியிலதான் திருடன் உட்கார்ந்திருப்பான்.”

இது நல்ல பழக்கம் என்று நாங்கள் கைக்கொண்டோம். நல்ல பழக்கம் என்பதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குப் புரிந்தது போன வாரம்தான். புரிய வைத்தவர் நம் பூட்டு சார். அவருடைய சம்மதத்தோடு மட்டும் அல்ல, அவர் பிடிவாதமாகக் கேட்டுக்கொண்டதால்தான் அதை இங்கே சொல்கிறோம்.

பூட்டு சாரைப் பிரிவில் அறியாதவர் இல்லை. வந்திருக்கும் விருந்தினர்களுக்காக ஒரு வார்த்தை. தங்களுக்கு அடுத்த மேசை அவருடையது. மேசை டிராயரைப் பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். வாசல்வரை போய், மனம் கேட்காமல் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். பெயர் அப்படி வந்தது. வீட்டில் அவர் மனைவியும் அதையே வைத்துக் கூப்பிடத் தொடங்கிவிட்டதாகக் கேள்வி. பள்ளிகளுக்கும் குடியிருப்போர் கூட்டங்களுக்கும் போய் இணையத் திருட்டைப் பற்றிப் பேச, நம் பிரிவு அவரைத்தான் அனுப்பும். பெற்ற தாய் கேட்டாலும் ஓடிபி எண்ணைச் சொல்லாதீர்கள் என்று அவர் முழங்கும்போது முன்வரிசைத் தாய்மார்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அவர் மனைவிக்கு மறுநாள் காலையில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்று குறித்திருந்தது. மருத்துவமனைக்கான முன்பணத்தைத் தம் கடன் அட்டையில் கட்டுவதாக ஏற்பாடு. அதற்கென்றே அந்த அட்டையை வெகு நாளாகத் தொடாமல் காத்து வைத்திருந்தார். அறுவைக்குப் பிறகு பிடித்து நடக்க ஒரு வாக்கர் வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தது அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. கைப்பேசியை எடுத்தார். கேட்டதைப்போல ஒரு விளம்பரம் எதிரே வந்து நின்றது: பாதி விலை, நாளைக்கே வீட்டு வாசலில்.

எல்லோருக்கும் தெரிந்த பெரிய கடையின் பெயர்தான் இருந்தது. முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. பூட்டைக் கண்டால் அவருக்கு மனம் அடங்கிவிடும். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதைத்தான் அந்தச் சின்னம் சொல்லும், வழியின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருப்பவன் யோக்கியனா என்று சொல்லாது. இதை அவரே எத்தனையோ கூட்டங்களில் விளக்கியிருக்கிறார். ஆனால் அன்று அவர் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கவில்லை. மனைவி அறுவை முடிந்து எழுந்து நிற்கும்போது கைக்குப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் தடுமாறுவதை மனதில் பார்த்துக்கொண்டிருந்தார். கடைப் பெயரின் நடுவில் ஓர் எழுத்து இரட்டித்திருந்தது கண்ணில் படவில்லை. சிறு வரம்புள்ள அட்டை வீட்டில் வேறொரு சட்டைப் பையில் இருந்தது. கையில் இருந்த பெரிய அட்டையின் எண்ணைத் தட்டினார்.

உடனே அழைப்பு வந்தது. சுற்றிலும் நாங்கள் எல்லோரும் காதில் ஹெட்போனோடு வேறு குரல்களைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கடையிலிருந்து பேசுவதாக ஒரு மரியாதையான குரல். வீட்டு முகவரியைச் சரிபார்த்தது. மனைவிக்கா சார், சீக்கிரம் குணமாகட்டும் என்றுகூடச் சொன்னது. பிறகு விஷயத்துக்கு வந்தது.

“பணம் பாதியில நிக்குது சார். உங்களுக்கு ஒரு எண் வந்திருக்கும். நீங்க சொல்ல வேண்டாம், யாருக்கும் சொல்லவே கூடாது. நானே சொல்றேன், சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க.”

இந்த இடத்தில் விருந்தினர்களுக்கு நம் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நாள் முழுவதும் பிறர் சொல்லும் எண்களைக் கேட்டு, திருப்பிச் சொல்லி, பிழையைத் திருத்துவதே எங்கள் பிழைப்பு. தப்பான எண் காதில் விழுந்தால் எங்கள் யாருக்கும் நாக்கு சும்மா இருக்காது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தம் வீட்டு எண்ணைத் தடுமாறிச் சொன்னால்கூட எங்களுக்கு உள்ளே அரிக்கும். அந்தக் குரல் வேண்டுமென்றே தப்புத் தப்பாக ஓர் எண்ணைச் சொன்னது. இல்லை, நடுவில் ஏழு என்றார் பூட்டு சார். அது மறுபடி தப்பாகச் சொன்னது. மற்ற இலக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திருத்தி முடித்தார். கண்ணாடி போடாமல் படித்துவிட்டேன் சார் என்று அது சிரித்தது. அவரும் சிரித்தார். ஓடிபியை அவர் சொல்லவே இல்லை. பிழை திருத்தினார், அவ்வளவுதான்.

அழைப்பு முடிந்து, டப்பாவை மூடும்போது, யாரென்று தெரியாத பெயரில் ஓர் அற்பத் தொகை அட்டையிலிருந்து போனதாகச் செய்தி வந்தது. இன்னொன்று வந்தது. அவர் திரும்பிப் போய் அந்த ஓடிபி செய்தியைத் திறந்தார். எண்களோடே வாழ்கிறவர்களின் கண் முதலில் எண்ணுக்குத்தான் பாயும். எண்ணுக்கு மேலே இருந்த வரியை அப்போதுதான் படித்தார். அது வாக்கருக்கான எண்ணே இல்லை. அவருடைய அட்டையை ஒரு புதிய கைப்பேசியில் சேர்ப்பதற்கான எண்.

அட்டையை முடக்கும் பொத்தான் அவருடைய கட்டைவிரலுக்கு நேர் கீழே இருந்தது. அதை அழுத்தச் சொல்லி எத்தனையோ பேரிடம் தொலைபேசியில் மன்றாடியவர் அவர். விரல் இறங்கவில்லை. முடக்கினால் விடிந்ததும் மருத்துவமனையில் நீட்ட அட்டை இல்லை; புது அட்டை கைக்கு வரச் சில நாளாகும். முடக்காவிட்டால் நீட்டுகிற நேரத்தில் அதில் ஒன்றும் மிச்சமிருக்காது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. முறையிட்டால் அந்த அழைப்பு இதே அறையில்தான் வந்து விழும். பதிவாகும். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கும் பூட்டு சார், உடன் வேலை பார்க்கிறவர்களின் காதில், ஏமாந்த வாடிக்கையாளராக ஒலிக்க வேண்டும். சின்னத் தொகைதானே, கடைக்காரனே எடுத்திருப்பான் என்று தமக்குத்தாமே சொல்லிப் பார்த்தார். வேறு யாராவது அதைச் சொல்லியிருந்தால் ஒரே மூச்சில் மறுத்திருப்பார்.

யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எழுந்தார். தேநீர் குடிக்கப் போகிறார் என்று நாங்கள் நினைத்தோம். இரண்டு மாடிகளுக்கு நடுவே, படிக்கட்டு திரும்பும் இடத்தில், தீயணைப்புக் குழாய்ப் பெட்டியின் பக்கத்தில் போய் நின்று, அட்டையின் பின்பக்கத்து எண்ணை அழுத்தினார். புதிதாகச் சேர்ந்த யாராவது எடுத்தால் தேவலை என்று வேண்டிக்கொண்டார். குரலைக் கனமாக்கி, பழைய படத்து வில்லனைப்போல் பேசலாம் என்று முடிவும் செய்துகொண்டார்.

அந்த அழைப்பு தங்கள் காதில் வந்து விழுந்தது. தற்செயல் என்று நிர்வாகம் சொல்லும். துணையில்லாத குரலுக்கு ஆண்டவன் இன்னொரு குரலைத் துணைக்கு அனுப்புகிறான் என்று நாங்கள் நம்புகிறோம்.

தங்கள் திரையில் அவர் பெயர் தெரிந்திருக்கும். பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததும் தெரிந்திருக்கும். தாங்கள் சொன்னது இவ்வளவுதான்.

“வணக்கம் ஐயா. சொல்லுங்க, நான் இருக்கேன்.”

வில்லன் குரலில் அவர் சொல்லத் தொடங்கினார். இணையத்தில் ஒரு பொருள் வாங்கியதையும், சின்னச் சின்னதாகப் பணம் போவதையும் சொன்னார். எப்போது என்று கேட்டீர்கள். எவ்வளவு என்று கேட்டீர்கள். அட்டை எங்கே என்று கேட்டீர்கள். கையில்தான் இருக்கிறது என்றார். முதலில் முடக்கிவிடலாம், சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றீர்கள். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டும் என்று மென்று விழுங்கினார். அதற்குள் வில்லன் பாதி கரைந்துவிட்டிருந்தான்.

“ஆஸ்பத்திரியை அப்புறம் பார்த்துக்கலாம் ஐயா. அங்க மனுஷங்க இருக்காங்க, பேசலாம். இவன்கிட்ட பேச முடியாது.”

சரி என்றார். முடக்கினீர்கள். அடுத்து, ஓடிபி ஏதாவது வந்ததா என்று கேட்டீர்கள். வந்தது என்றார், யாருக்கும் சொல்லவில்லை என்றார். எழுத்துக்கு எழுத்து உண்மை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களில் வேறு யாராவது அழைப்பை எடுத்திருந்தால் அதோடு முடித்து, புது அட்டை அனுப்புவதாகச் சொல்லி வைத்திருப்போம். திருடனின் கைப்பேசியில் ஏறியிருந்த பழைய அட்டையோ அங்கேயே இருந்திருக்கும். புது அட்டை வந்ததும் அதுவும் தானாகவே அந்தக் கைப்பேசியில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். அறுவைக்கான பணம் இன்னொரு முறை பறிபோயிருக்கும். அவர் மறைத்த பாதியில், தாங்கள் சொன்னபடியே, அவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

விசைப்பலகைச் சத்தம் நின்றதைப் படிக்கட்டில் இருந்தபடியே கேட்டதாக அவர் சொல்கிறார். இப்போது அந்தக் கேள்வி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். ஏன் என்று ஒரு சொல் வந்திருந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டுக்கே போயிருப்பேன் என்று எங்களிடம் சொன்னார். வந்தது வேறு.

“நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க ஐயா. நம்ம மாதிரி ஆளுங்க சொல்ல மாட்டோம். அவன் ஏதாவது எண்ணைத் தப்பாச் சொன்னானா?”

பூட்டு சார் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“திருத்திட்டேன் மேடம்.”

வில்லன் போன இடம் தெரியவில்லை. தாங்கள் ஆச்சரியப்படவும் இல்லை, அவர் பெயரைச் சொல்லவும் இல்லை. சரி, இப்போது முழுதாகக் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லி, அந்தக் கைப்பேசியை அட்டையிலிருந்து வெட்டி எறிந்தீர்கள். அந்த நேரம் பெரிய தொகை ஒன்று ஒப்புதலுக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதையும் திருப்பி அனுப்பினீர்கள். போன இரண்டு அற்பத் தொகைகளும் விசாரணை முடிந்து பின்னால் அவருக்குத் திரும்பி வந்தன.

அதன் பிறகு செய்ததைத் தங்கள் பணி விதிகள் எதிலும் தேடினாலும் கிடைக்காது. எழுந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, படிக்கட்டுக்குப் போய், அவருக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தீர்கள். மருத்துவமனைக்குத் தாங்களே பேசினீர்கள். முன்பணம் இல்லாமல் நாளைக்கு முடியாது என்று அவர்கள் மரியாதையாகக் கைவிரித்துவிட்டு, அடுத்த வாரத்தில் ஒரு நாள் கொடுத்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று இங்கே எழுத எங்களுக்கு ஆசைதான். ஆனால் அந்த ஒரு வாரம் அந்த அம்மாள் வலியோடுதான் இருந்தார்.

இனி வீட்டுக்குச் சொல்ல வேண்டும். அதை மட்டும் தங்களையே சொல்லிவிடச் சொல்லிக் கெஞ்சினார். தாங்கள் கைப்பேசியை அவர் கையிலேயே வைத்துவிட்டு, பேசுங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன் என்றீர்கள். அவர் மனைவியிடம் தலைகீழாக, கடைசியில் ஆரம்பித்து, எதையும் பூசி மெழுகாமல் சொன்னார். பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில் தமக்கு நரை கூடிவிட்டதாக அவர் எங்களிடம் சொன்னார். பிறகு பதில் வந்தது. தங்கள் காதிலும் விழுந்திருக்கும்.

“முட்டி வருஷக்கணக்கா வலிக்குது. இன்னும் ஒரு வாரம் வலிச்சா என்ன, ஓடியா போயிடும்? வாக்கர் வரலைன்னா நீங்க இருக்கீங்கல்ல, பிடிச்சுக்க. சாப்பிட்டீங்களா, இல்லை டப்பாவை அப்படியே வச்சிருக்கீங்களா?”

படிக்கட்டில் நடந்ததில் மீதியை அவர் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அடக்கமே அணிகலனான அம்மையீர்!

இருவரும் தனித்தனியே அறைக்குத் திரும்பி வந்தீர்கள். தாங்கள் அதைப் பற்றி எங்களிடம் மூச்சு விடவில்லை. அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் மட்டும் புதிதாக இரண்டு சொன்னீர்கள். எவனாவது எண்ணைத் தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள். செய்தி வந்தால் எண்ணுக்கு மேலிருக்கும் வரியை முதலில் படியுங்கள், அந்த எண் எதற்கு வந்திருக்கிறது என்று அதில்தான் இருக்கும். வாடிக்கையாளர் ஒருவர் கற்றுக் கொடுத்தார் என்றீர்கள். தலைமையகத்துச் சுற்றறிக்கையாக இருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அன்று முதல் இந்த இரண்டு வரிகளால் எத்தனை குடும்பங்கள் பிழைத்தன என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். அந்த வாடிக்கையாளர் தங்களுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, டிராயரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் இந்த மடலை எழுத எல்லோரும் கூடியபோது, தங்களைக் கடலுக்கும் வானுக்கும் ஒப்பிட்டு ஒரு வரைவு தயாராக இருந்தது. பூட்டு சார் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுந்து நின்று, கடல் கிடக்கட்டும், நான் ஒன்று சொல்கிறேன் என்றார். சொல்லி முடித்ததும் நம் குறும்புக்காரர் ஒருவர்தான், “அப்போ பூட்டுக்கே சாவி போட்டுட்டான்னு சொல்லுங்க சார்” என்றார். முதலில் சிரித்தவர் பூட்டு சார். இத்தனை ஆண்டு அந்தப் பயத்தைத் தனியாகத் தூக்கிச் சுமந்தவரின் தோள் அப்போது இறங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

இன்று மகிழ்ச்சியான நாள் என்று எழுதுவதுதான் முறை. தங்கள் முன்னால் பொய் சொல்ல வாய் வரவில்லை. எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

திருடனுக்கு ஓய்வு வயது கிடையாது. நேற்று வரை கடைக்காரனாகப் பேசியவன் இன்று மகனின் குரலிலேயே அம்மா என்று கூப்பிடுகிறான். நேற்றுச் சொல்லிக் கொடுத்தது இன்றைக்குப் போதவில்லை. நாளைக் காலை அந்த நாற்காலியில் தாங்கள் இருக்க மாட்டீர்கள். கதறிக்கொண்டு வரும் முதல் குரலுக்கு எங்களில் ஒருவர் பதில் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்வோமா என்று எங்கள் ஒவ்வொருவர் நெஞ்சிலும் இப்போது அடித்துக்கொள்கிறது.

அதைவிடப் பெரிய கவலை தங்களைப் பற்றியது. இன்றிரவு முதல் தங்கள் கைப்பேசியும் ஊரில் உள்ள ஆயிரம் கைப்பேசிகளில் ஒன்று. பணி நிறைவுத் தொகை வந்திருக்கும் வீடுகளைத் திருடன் அறிவான். ஓய்வூதிய அலுவலகம் என்பான், வங்கி என்பான், தங்கள் பழைய பதவியைச் சொல்லி மேடம் என்பான், இந்த மடலில் உள்ளதைவிட நல்ல தமிழில் தங்களைப் பாராட்டவும் செய்வான். இத்தனை ஆண்டுகளில் எந்தக் குரலையும் பாதியில் துண்டிக்காத காது தங்களுடையது. அந்த அன்பு நெஞ்சைத்தான் அவன் தேடிக்கொண்டிருக்கிறான். ஆகவே எங்கள் தாயே, ஒரே ஒரு வேண்டுகோள்: நாளை முதல் தயவுசெய்து பாதியில் துண்டியுங்கள். மரியாதை கெட்டவர் என்று எவன் நினைத்தாலும் நினைக்கட்டும். துண்டித்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். ஒன்றுமில்லாததற்குக் கூப்பிட்டோமோ என்று தயங்காதீர்கள். ஒன்றுமில்லை என்று தங்களிடம் சொல்லும் பாக்கியத்தை அடிக்கடி எங்களுக்குத் தாருங்கள்.

நோயற்ற உடலும், நிம்மதியான உறக்கமும், எழுந்ததும் முகம் பார்க்கப் பேரக்குழந்தைகளும், அவசரமில்லாத காலைகளும் தங்களுக்கு வாய்க்கட்டும். மற்றவர்களின் கண்ணீரைக் கேட்டுக் கேட்டுக் களைத்த செவிகளில் இனி நல்ல செய்திகளே விழட்டும். பல்லாண்டு தாங்கள் எங்களோடு இருக்க எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறோம்.

முடிக்குமுன் விருந்தினர்களுக்கு ஒரு சிறு விண்ணப்பம். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். விழா நடந்தாலும் தொலைபேசிகளை நிறுத்தி வைக்க முடியாது; இந்த ஒரு மணி நேரம் யாராவது உள்ளே இருக்க வேண்டும் என்றபோது பூட்டு சார்தான் முன்வந்தார். மேடையிலிருந்து பார்த்தால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், காதில் ஹெட்போனோடு, அவருடைய முதுகு தெரியும். தயவுசெய்து மெல்லக் கைதட்டுங்கள். அவரிடம் யாரோ ஒருவர் இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கலாம்.

என்றும் தங்கள் அன்பையும் ஆசியையும் வேண்டும்,
கடன் அட்டைப் பாதுகாப்புப் பிரிவின் பணியாளர்கள்